பிள்ளைகளின் பதற்றத்தைக் கணினிக்குக் கற்றுத்தருபவர்களுக்கு, லேபிள் போட்டவள் எழுதும் மடல்

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இருக்கும் சமூகப் பதற்றத்தை, அதாவது நாலு பேர் நம்மை என்ன நினைப்பார்களோ என்ற பயத்தை, அவர்கள் இணையத்தில் எழுதுவதை வைத்துக் கண்டுபிடிக்கக் கணினி மாடல் செய்கிற எல்லாருக்கும் வணக்கம். பேராசிரியர்கள், ஸ்டார்ட்அப் நடத்துபவர்கள், கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு இந்தத் தலைப்பை எடுத்திருக்கும் தம்பி தங்கைகள், எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீங்கள் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். என் வேலையைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் எக்செல் ஷீட்டில் கடைசிக் கட்டத்தில் 0, 1, 2, 3 என்று ஓர் எண் இருக்கும் இல்லையா, அந்த மாதிரி எண்களைப் போடுகிறவர்களில் நானும் ஒருத்தி.

எனக்குச் சேலம் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பதற்காகவே அனட்டேஷன் சென்டரில், அதாவது கணினி பார்த்துக் கற்றுக்கொள்ளப் படங்களுக்கும் எழுத்துக்கும் அடையாளம் போடும் இடத்தில், வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் நான் பார்த்தே இராத ஊர்களின் சாலைகளில் போகும் கார், சைக்கிள், நாய், குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் சுற்றிக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் மனசுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நாய் என்றால் நாய்தான். அப்புறம் ஒரு திங்கட்கிழமை டெக்ஸ்ட் ப்ராஜெக்ட் ஒன்று வந்தது. 13 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்கள் எழுதியவை என்று சொன்னார்கள். கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் தமிழ், பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, எழுதியவருக்குச் சமூகப் பதற்றம் இல்லை என்றால் 0, லேசாக இருந்தால் 1, மிதமாக இருந்தால் 2, கடுமையாக இருந்தால் 3 போட வேண்டும். எட்டுப் பக்கத்துக்கு ஒரு கைட்லைன். ஷிப்டுக்கு 700 பதிவு டார்கெட். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றுக்கு அரை நிமிஷத்துக்குச் சற்று மேலே வரும், தண்ணீர் குடிக்க எழுந்து போகிற நேரத்தையும் சேர்த்து.

ஒரு பதிவை மட்டும் சொல்கிறேன். (ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதனால் எதையும் அப்படியே தராமல் மாற்றித்தான் எழுதுகிறேன். ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அப்படியே தர மாட்டேன். ஒரு வரியை மாறாமல் எடுத்துத் தேடுபொறியில் போட்டால் எழுதிய பிள்ளையின் கணக்கே வந்து நிற்கும், இதை உங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் உதாரணம் காட்டும்போது நீங்களும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.) பதிவு இது: "நாளைக்கு வைவா. எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு கேப்பாங்க. செத்தேன்." பக்கத்தில் ஒரு மண்டை ஓடு எமோஜி. நான் 1 போட்டேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் பயப்படாதவன் எவன்? எனக்குப் பக்கத்து சீட் அக்கா 3 போட்டார், ஏனென்றால் சாவைப் பற்றி எந்தப் பேச்சு வந்தாலும் 3 என்று கைட்லைனில் தடித்த எழுத்தில் இருந்தது. மூன்றாவது ஆள் 0 போட்டான். கல்லூரி முடித்து ஒரு வருஷம்கூட ஆகாத பையன், அவனுக்கு அந்த மண்டை ஓடு சிரிப்பு எமோஜி. "அக்கா, சிரிச்சு சிரிச்சு செத்துட்டேன்னு அர்த்தம், நீங்க எல்லாம் எந்தக் காலத்துல இருக்கீங்க" என்றான்.

மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே எண்ணைச் சொன்னால் அதுவே முடிவு. இங்கே மூன்றும் மூன்று எண். அப்படியானால் டீம் லீடுக்குப் போகும். அவர் 0, 1, 3 மூன்றையும் பார்த்துவிட்டு, மாசக் கடைசி வேறு, 2 என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். எங்கள் மூன்று பேரில் ஒருவர்கூடச் சொல்லாத எண். ஒரு பிள்ளையின் மனசுக்கு மனக்கணக்கில் சராசரி எடுத்தாயிற்று. அந்த 2-தான் உங்கள் பக்கத்தில் "கிரவுண்ட் ட்ரூத்" என்ற பெயரோடு, மாடலைத் திருத்தும் சரியான விடையாக, வந்து சேர்கிறது. பெயரிலேயே உண்மை என்று இருக்கிறது பாருங்கள். உங்கள் மாடல் 91 சதவீதம் துல்லியம் என்று மேடையில் சொல்லும்போது, எங்கள் அவசரத்தோடு 91 சதவீதம் ஒத்துப்போகிறது என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. அதனாலேயே வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேடிப் படித்தேன். சமூகப் பதற்றக் கோளாறு என்று சொல்ல மருத்துவர்கள் பார்ப்பவை வேறு. மற்றவர்கள் நம்மை எடைபோடுவார்களே என்ற பயம் சாதாரணமாக ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், அது படிப்பையோ நட்பையோ அன்றாட வாழ்க்கையையோ கெடுக்க வேண்டும், பயப்படும் இடங்களைப் பிள்ளை தவிர்க்க வேண்டும் அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டும். 1987-ல் வந்த லீபோவிட்ஸ் அளவுகோல் 24 சூழ்நிலைகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் பயம் எவ்வளவு, தவிர்ப்பது எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்கிறது. ஒரு வரியில் ஆறு மாதத்தை நான் எங்கே போய்ப் பார்ப்பது? "தவிர்ப்பது" பதிவிலேயே வராதே, தவிர்த்துவிட்டானே! கூச்சம் வேறு, கோளாறு வேறு என்று சொல்லிக்கொடுக்கத்தான் அந்த எட்டுப் பக்கம் பாடுபட்டது, ஆனால் அரை நிமிஷத்தில் எங்கள் கை இரண்டையும் ஒன்றாகத்தான் அழுத்தியது.

எங்களைப் போன்றவர்கள் வேண்டாம் என்று சிலர் வேறு வழி பிடிக்கிறார்கள். "எனக்குச் சமூகப் பதற்றம் இருக்கிறது" என்று தானே எழுதியவர்களையோ, ரெடிட் என்ற இணையதளத்தில் அதற்கென்றே இருக்கும் குழுக்களில் எழுதுபவர்களையோ அப்படியே எடுத்து 1 என்று வைத்துக்கொள்வது, மற்றவர்களை 0 என்று வைத்துக்கொள்வது. வேலை சுலபம், செலவு இல்லை. 2019-ல் அமெரிக்காவில் ஒரு குழு இந்த மாதிரிக் குறுக்குவழி அடையாளங்களை வைத்துப் பழக்கிய மாடல்களை எடுத்து, மருத்துவமனையில் நிஜமாகவே நோய் கண்டறியப்பட்டவர்களின் பதிவுகள் மேல் ஓட்டிப் பார்த்தது. அது ஸ்கிட்சோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய் பற்றிய ஆய்வு, இருந்தாலும் பாடம் எல்லாருக்கும்தான். தன் சொந்த டேட்டாவில் பிரமாதமாக ஓடிய மாடல்கள் நிஜ நோயாளிகளிடம் வந்ததும் படுத்துவிட்டன. குழுவில் போய் எழுதுகிறவன் எப்படி எழுதுவான் என்பதைத்தான் அவை கற்றிருந்தன.

மொழி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் மட்டும் எனக்கு உங்களைவிட அனுபவம் அதிகம் என்று தைரியமாகச் சொல்வேன். ஆங்கிலத்தில் மனச்சோர்வு உள்ளவர்கள் "நான்" என்ற சொல்லை அதிகம் எழுதுகிறார்கள் என்பது இந்தத் துறையில் பழைய கண்டுபிடிப்பு, அந்த எண்ணிக்கையை ஒரு அடையாளமாக மாடலுக்குக் கொடுப்பார்கள். தமிழில் நம் பிள்ளை "பயந்துட்டேன்" என்று எழுதுகிறாள். அந்த "ஏன்" விகுதிக்குள் அவள் உட்கார்ந்திருக்கிறாள், "நான்" என்று தனியாக எழுத வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் எண்ணிக்கையில் அவள் பூஜ்யம்.

2018-ல் இங்கிலாந்தில் வந்த இன்னொரு ஆய்வு, 63 இணையக் குழுக்களில் எழுதிய 6,400-க்கும் மேற்பட்டவர்களின் எழுத்தைப் பார்த்து, பதற்றமும் மனச்சோர்வும் உள்ள குழுக்களில் "எப்போதும்", "முழுக்க", "ஒருபோதும்" மாதிரி அறுதியான சொற்கள் அதிகம் என்று சொன்னது. சரி, தமிழில் அது எங்கே இருக்கிறது? பெரும்பாலும் "உம்"மிலும் "ஏ"யிலும். யாருமே, எதுவுமே, எப்பவுமே. ஆனால் நாம் "கேசரியை யாருமே தொடலை" என்றுகூடச் சொல்வோம். கேசரிக்கு ஒரு பதற்றமும் இல்லை.

அதற்கு மேல் ஆங்கில எழுத்தில் தமிழ். "பயமா இருக்கு" என்பதை ஒருத்தி பி போட்டு ஆரம்பிக்கிறாள், இன்னொருத்தி பி-எச் போடுகிறாள், மூன்றாமவள் உயிரெழுத்தையெல்லாம் தின்றுவிட்டு மூன்று மெய்யெழுத்தில் முடிக்கிறாள், நான்காமவள் பயம் அதிகமாக ஆக ஆங்கில "ஏ" எழுத்தை ஏழு தடவை அழுத்துகிறாள். படிக்கிற எனக்கு நாலும் ஒரே சொல். சொல்லைத் துண்டு துண்டாக வெட்டிப் படிக்கும் உங்கள் மாடலுக்கு நாலும் நாலு விதமான பொடித்துண்டு. அவமானத்துக்கு நம்மிடம் இருக்கும் சொற்களையும் பாருங்கள்: பல்பு வாங்கினேன், மொக்கை வாங்கினேன், மானம் போச்சு, மூஞ்சிய எங்க வெச்சுக்கறது. அகராதியில் "பல்பு" என்றால் விளக்கு. சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரிக் குழு மற்றவர்களோடு சேர்ந்து 2022-ல் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டுபிடிக்கும் மாடல்களுக்கு ஒரு பொதுப் போட்டியை நடத்தியது, நல்ல முயற்சிதான், ஆனால் அதற்கும் டேட்டா ரெடிட்டில் இருந்து எடுத்த ஆங்கிலம்தான். நம் வீட்டு வாசலில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதும் யார் யார் மனசையோ அளந்துகொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை என்று நீங்கள் சொல்வீர்கள். நிறையத் தமிழ் டேட்டா, நல்ல கைட்லைன், லேபிள் போடுபவர்களுக்குக் கொஞ்சம் நேரம், கொஞ்சம் சம்பளம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சரிசெய்ய முடியாத ஒன்றைப் போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன், இந்த மடலே அதனால்தான்.

என் அக்கா மகள் பதினோராம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 42 பேர். அன்றைக்கு அவர்களில் ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள். நான் வாசல் படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன், இவள் பக்கத்தில் போனோடு. வாழ்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அடிக்கிறாள், அழிக்கிறாள். ஏற்கெனவே பதினோரு பேர் சொல்லிவிட்டார்கள், இப்போது சொன்னால் எல்லாரையும் பார்த்துக் காப்பியடித்த மாதிரி இருக்குமா? அந்தப் பெண்ணோடு இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, "இவ யாருடா"ன்னு நினைப்பாளா? ஆச்சரியக்குறி ஒன்று போட்டால் மொட்டையாக இருக்கிறது, மூன்று போட்டால் ஓவராக இருக்கிறது. "அடிச்சு அனுப்பேன் கண்ணு" என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: "சித்தி, டைப்பிங்னு காட்டும். நான் அடிச்சு அடிச்சு அழிக்கறத எல்லாரும் பாத்துட்டு இருப்பாங்க." அதனால் என்ன செய்தாள் தெரியுமா, குழுவை விட்டு வெளியே வந்து, நோட்ஸில் எழுதி, நாலு விதமாக எழுதிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைக் காப்பி செய்து குழுவில் ஒட்டினாள். ஒட்டிவிட்டு அனுப்பும் பொத்தானுக்கு மேலே கட்டைவிரலை வைத்தபடி கொஞ்ச நேரம். நான் ஒரு கட்டுக் கீரையை முழுசாக ஆய்ந்து முடித்துவிட்டேன். கடைசியில் போனது "ஹேப்பி பர்த்டே", ஒரு கேக் எமோஜி. அனுப்பியதும் போனைக் கவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டாள். "சித்தி, யாராச்சும் ஏதாச்சும் போட்டாங்களான்னு நீ பாரு, நான் பாக்க மாட்டேன்."

அந்தப் பதிவு என் ஷீட்டில் வந்திருந்தால் நான் என்ன போட்டிருப்பேன்? 0. இரண்டு செகண்டில். மூன்று பேரும் 0 போட்டிருப்போம், ஒற்றுமை நூற்றுக்கு நூறு.

சமூகப் பதற்றம் உள்ள பிள்ளை என்றால் பேசாமல் இருக்கிற பிள்ளை. நீங்கள் பேச்சைச் சேகரித்து அவளைத் தேடுகிறீர்கள். மனச்சோர்வில் இருப்பவன் இரவு இரண்டு மணிக்கு எதையாவது கொட்டித் தீர்க்கலாம், கோபக்காரன் கமெண்ட்டில் திட்டலாம். இவள் எழுதியதில் முக்கால்வாசி அழிக்கப்பட்டுவிட்டது, மிச்சம் ஒரு கேக்.

அழித்ததையும் பார்க்கலாமே என்று உங்களில் ஒருவருக்காவது இப்போது தோன்றியிருக்கும். தெரியும். தோன்றியது மட்டும் இல்லை, நடந்தும் இருக்கிறது. 2013-ல் ஃபேஸ்புக்கைச் சேர்ந்தவர்களே ஒரு ஆய்வு வெளியிட்டார்கள்: 39 லட்சம் பேரை 17 நாள் கவனித்ததில் 71 சதவீதம் பேர் ஒரு தடவையாவது எதையோ அடித்துவிட்டு அனுப்பாமல் விட்டிருந்தார்கள். என்ன அடித்தார்கள் என்பதைப் பார்க்கவில்லை, அடித்தார்களா இல்லையா என்பதை மட்டும் பதிந்தோம் என்று சொன்னார்கள். சரி, நம்புவோம். ஆனால் நோட்ஸில் ஒளிந்துகொண்டு எழுதுகிற பிள்ளைக்கு, அழித்ததையும் ஒருவன் எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் அப்புறம் அவள் எங்கே போய் எழுதுவாள்? உங்களுக்கு நியாயமாகக் கிடைக்கிற டேட்டாவில் அவள் இல்லை. அவள் இருக்கிற டேட்டாவை எடுத்தால் அது எட்டிப் பார்ப்பது. இந்த முடிச்சை அவிழ்க்க எந்த அல்காரிதமும் உதவாது என்பதுதான் என் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பையன், நேரில் வாயே திறக்க மாட்டான், மளிகைக் கடையில் என்ன வேண்டும் என்று கேட்டால் சீட்டை நீட்டுவான். அவனே போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடும்போது ஹெட்செட்டில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குவதை அவன் வீட்டு ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன். சமூகப் பதற்றம் உள்ள பலருக்கு நேரில் இருப்பதைவிட இணையத்தில் இருப்பது சுலபமாக இருக்கிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அவர்களுக்கு அது மூச்சுவிடும் இடம். அங்கேயும் போய்க் காமிரா வைக்கப் போகிறோமா?

காமிரா வைத்தவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2014 அக்டோபர் 29 அன்று இங்கிலாந்தில் சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு, தற்கொலைத் தடுப்பில் அறுபது வருஷ அனுபவம் உள்ள, நல்ல எண்ணம் தவிர வேறு எதையும் சந்தேகிக்க முடியாத அமைப்பு, ரேடார் என்று ஒரு செயலியை வெளியிட்டது. நீங்கள் ட்விட்டரில் பின்தொடர்கிறவர்கள் யாராவது "என்னையே எனக்குப் பிடிக்கவில்லை", "தனியாக இருந்து அலுத்துவிட்டது" என்கிற மாதிரி எழுதினால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். எழுதியவரிடம் கேட்பதில்லை, எழுதியவருக்குத் தெரியவும் தெரியாது. பின்தொடர்கிறவன் நண்பனாகத்தான் இருப்பான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். சீண்டிப் பார்க்கிறவனும், விட்டுப்போன காதலனும்கூடப் பின்தொடர்வான் என்று மனநலச் சிக்கலோடு வாழ்கிறவர்களே எழுந்து கத்தினார்கள். நவம்பர் 7 அன்று நிறுத்திவிட்டார்கள். ஒன்பது நாள். நல்ல மனசு இருந்தும் அந்தக் கதி.

நல்ல மனசு இல்லாத கதையும் ஒன்று இருக்கிறது. 2017-ல் ஃபேஸ்புக்கின் ஆஸ்திரேலிய அலுவலக ஆவணம் ஒன்று பத்திரிகைக்குக் கசிந்தது. பதின்ம வயதினர் எப்போது பதற்றமாக, தன்னம்பிக்கை இல்லாமல், எதற்கும் லாயக்கற்றவர்களாக உணர்கிறார்கள் என்று தங்களால் கண்டுகொள்ள முடியும் என அதில் இருந்தது, அதுவும் விளம்பரதாரர்களுக்காகத் தயாரித்த ஆவணத்தில். உணர்ச்சியை வைத்து விளம்பரம் காட்டும் வசதி எதையும் நாங்கள் தருவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. இருக்கலாம். ஆனால் பதற்றத்தில் இருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிக்கும் கருவியை முதலில் காசு கொடுத்து வாங்கப்போவது யார் என்று யோசிக்க எனக்கு அந்தச் செய்தி போதும். முகப்பரு க்ரீம் விற்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

நம் ஊரில் யார் வாங்குவார்கள்? பள்ளிக்கூடங்கள். ஒரு பேச்சுக்கு 1,000 பிள்ளைகள் படிக்கும் பள்ளி, அதில் 50 பேருக்கு நிஜமாகவே சமூகப் பதற்றக் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மாடல் மிக நல்ல மாடல், இருப்பவரில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கிறது, இல்லாதவரில் 90 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. 45 பேரைப் பிடிக்கும், சந்தோஷம். ஆனால் இல்லாத 950 பேரில் 95 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். தலைமையாசிரியர் மேஜைக்கு 140 பெயர் கொண்ட பட்டியல் போகும், அதில் மூன்றில் இரண்டு பங்கு தப்பு. அந்தப் பட்டியல் மேஜையிலேயே இருந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் நம் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை என்றுதான் சொல்வேன். மத்தியானத்துக்குள் ஸ்டாஃப் ரூம், சாயங்காலத்துக்குள் வேன் டிரைவர் வரை போய்விடும். எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று பயப்படுகிற பிள்ளையை அசெம்பிளியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு "கவுன்சிலிங்குக்குப் போ" என்பார்கள். அவளுடைய மொத்த வியாதியே அதுதானே!

கவுன்சிலிங்குக்குப் போனால் அங்கே யார் இருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரிந்தது. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடச் சரியாக இல்லாத நாடு இது. மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம், நல்ல விஷயம். ஆனால் போன் எடுத்து அந்நியரிடம் பேசு என்று சமூகப் பதற்றம் உள்ள பிள்ளையிடம் சொல்வது நீச்சல் தெரியாதவனிடம் மருந்து அக்கரையில் இருக்கிறது என்று சொல்வது போல.

சட்டம் பற்றி ஒரே வார்த்தை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது ஆகாதவர்கள் எல்லாரும் குழந்தைகள், அவர்களின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்று இருக்கிறது. அதே சட்டத்தில் ஒருவர் தானே பொதுவில் வெளியிட்டதற்கு அது பொருந்தாது என்றும், ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டு என்றும் இருக்கிறது. அந்தச் சந்தில் நீங்கள் தாராளமாக நுழையலாம். பதினைந்து வயசில் "பப்ளிக்" என்ற செட்டிங்கை மாற்றத் தெரியாமல் விட்டதை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் சட்டப்படி தப்பில்லாமல் இருக்கலாம், எனக்கு ஒப்பவில்லை.

அப்படியானால் கடையை மூடிவிடச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. மூன்று மாசம் அந்தப் பதிவுகளோடு இருந்ததில், எந்தப் பிள்ளைக்கு என்ன வியாதி என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. ஆனால் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று நன்றாகத் தெரிந்தது. வாரத்துக்கு வாரம், ஊருக்கு ஊர் அதே விஷயங்கள். அட்டெண்டன்ஸில் "ப்ரெசென்ட் மிஸ்" சொல்லும்போது குரல் கீச்சென்று வந்துவிடுமோ என்கிற பயம். பாடத்தை எழுந்து நின்று சத்தமாக வாசிப்பது, தன் முறை வர இன்னும் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருப்பது. மார்க்கை வகுப்பில் சத்தமாகப் படிப்பது. "உங்களுக்குள்ள குரூப் பிரிச்சுக்கோங்க" என்று டீச்சர் சொல்லும் அந்த நிமிஷம், யாரும் கூப்பிடாமல் நிற்பது. வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்வது. நீல டிக் விழுந்து பதில் வராத இரவு. கேட்காமல் குரூப் போட்டோவில் டேக் செய்வது. இவற்றில் பாதியை ஒரு பைசா செலவில்லாமல் ஒரு டீச்சர் நாளைக்குக் காலையில் மாற்றிவிடலாம். குரூப்பை அவரே பிரித்துவிடலாம், மார்க்கைத் தாளில் கொடுத்துவிடலாம்.

உங்கள் இயந்திரக் கற்றலை அதற்குத் திருப்புங்கள் என்பதுதான் நான் கேட்பது. எந்தப் பிள்ளை என்று தேட வேண்டாம், எந்தச் சூழ்நிலை என்று தேடுங்கள். பெயரும் கணக்கும் இல்லாமல் பல்லாயிரம் பதிவுகளைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, நம் பிள்ளைகள் எதைக் கண்டு சுருங்கிப்போகிறார்கள் என்று பள்ளிகளுக்குச் சொல்லுங்கள், பட்டியலில் பிள்ளை பெயர் இருக்காது, "வாய்ஸ் நோட்" என்று இருக்கும். அப்போதும் பேசாத பிள்ளைகள் விட்டுப்போவார்கள், அதற்கு நேரில் போய்க் கேட்பதைத் தவிர வழியில்லை. அவர்களுக்கும் வீட்டுக்கும் சொல்லிவிட்டு, கேள்வித்தாள் கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், வாயால் கேட்டால்தான் வராது.

எங்களுக்கும் ஒரு உதவி. லேபிளில் "தெரியவில்லை" என்று ஒரு பொத்தான் வையுங்கள். நாங்கள் மூன்று பேரும் சண்டை போட்டால் அந்தச் சண்டையை அப்படியே டேட்டாவில் வையுங்கள், டீம் லீடின் 2-ஐ வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அந்த மண்டை ஓடு சிரிப்பா அழுகையா என்று நாங்கள் முட்டிக்கொண்டதுதான் அந்தப் பதிவைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த ஒரே நிஜம். கைட்லைன் எழுதும்போது பதினாறு வயசுப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், அந்த எட்டுப் பக்கம் மூன்று பக்கமாகிவிடும். கடைசியாக, ராத்திரி ஷிப்டில் 3 போட வேண்டிய பதிவுகளாகவே வரிசையாக வந்தால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது என்று ஒரு வரி அதில் சேருங்கள். எங்கள் கைட்லைனில் எமோஜிக்கு ஒரு பக்கம் இருந்தது, அதற்கு இடமில்லை.

இதை அனுப்புவதற்கு முன்னால் அக்கா மகளிடம் படிக்கக் கொடுத்தேன், அவளைப் பற்றி எழுதியிருக்கிறேனே. கேக் எமோஜி இல்லை, கேக் துண்டு எமோஜி என்று திருத்தினாள், நான்தான் மாற்றாமல் விட்டேன், இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோட்ஸில் எழுதி ஒட்டியதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும் சித்தி, எங்க கிளாஸ்ல பாதிப் பேர் அப்படித்தான்" என்றாள். நான் எதிர்பார்க்கவே இல்லை. வேறு ஒரு இடத்தைக் காட்டி, இது மட்டும் வேண்டாம் என்றாள். எடுத்துவிட்டேன்.